அக்காவுக்கு வயது 58

2023-ம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பெரியக்கா திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய கடைசி மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மேற்கு ரத வீதியில் பட்டு விலை விசாரித்துவிட்டு, என் கையால் ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம் என்று வந்தவள், இலையை எடுத்துப் போட்ட கையோடு பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து நீட்டினாள்.

"பாப்பா, இதில எங்கெங்க கையெழுத்துப் போடணும்னு உன் மகனைப் பார்க்கச் சொல்லு. டைம் ஆபீஸ் தம்பி கொடுத்துச்சு. எனக்கு 58 முடிஞ்சிருச்சுல்ல, பி.எப். பணம் மொத்தமா வந்திடுமாம். கல்யாணச் செலவுக்கு ஆச்சு."

"அப்ப வேலையை விட்டுட்டியாக்கா?"

"வேலையை ஏன் விடப்போறேன்? நாளைக்குப் பகல் ஷிப்ட் இருக்கே!"

இந்தப் பதில்தான் எனக்கு உறுத்தியது. பாரத்தை வாங்கிப் பார்த்தேன். நான் பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் வீட்டு வரி ரசீது முதல் காஸ் புத்தகம் வரை எந்தக் காகிதத்தையும் முழுசாய்ப் படிக்காமல் பீரோவில் வைக்க மாட்டேன். "வேலையை விட்டு விலகிய தேதி" என்ற இடம் காலியாக இருந்தது. "விலகிய காரணம்" என்ற இடத்தில் யாரோ முன்கூட்டியே "ஓய்வு" என்று நிரப்பியிருந்தார்கள். நாளைக்குக் காலையில் மில் பஸ் ஏறப்போகிறவள், வேலையை விட்டு ஓய்வு பெற்றுவிட்டதாய் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். அத்தான் நாகல்நகர் பக்கத்தில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. ஆனால் அந்தப் பூட்டைக் கையால் ராவி ராவிச் செய்தவர்களுக்கு என்ன மிச்சம்? அத்தானின் பட்டறையில் ஏழு பேர்தான். பிராவிடண்ட் பண்டு சட்டம் பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்துக்குத்தான். 2001-ல் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் கைக்கு வந்தது அந்த வாரக் கூலியும், முதலாளி காரியத்துக்குக் கொடுத்த ஒரு மூட்டை அரிசியும்தான். மூன்றாம் மாதம் அவள் வேடசந்தூர் பக்கத்து நூல் மில்லில் கோன் வைண்டிங்கில் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே அறுந்த நூலைப் பிடித்துப் போடுகிற வேலை. அம்மா இல்லாத நேரங்களில் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அதனால்தான் இன்றைக்கும் அவளுக்கு நான் "பாப்பா".

மில் வேலையில் அவளுக்கு இருந்த ஒரே தெம்பு அந்த பி.எப். கணக்கு. 1952-ல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தபோது முதலில் சேர்த்த ஆறே தொழில்களில் நம் ஜவுளித் தொழிலும் ஒன்று. அப்போது பிடித்தம் நூற்றுக்கு ஆறேகால். பிறகு படிப்படியாய் ஏறி, இப்போது அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் நூற்றுக்கு 12 தொழிலாளியிடம் பிடித்து, முதலாளியும் அதே 12 போட வேண்டும்.

நான் அக்காவிடம் சம்பளச் சீட்டுகளைக் கேட்டேன். எல்லாவற்றையும் சுருட்டி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருக்கிறாள். நல்லவேளை, ஏழெட்டு மாதச் சீட்டு பையிலேயே கிடந்தது. பார்த்தால், 2022 கார்த்திகையில் அவளுக்கு 58 முடிந்ததிலிருந்து, அதாவது டிசம்பர் சம்பளத்திலிருந்தே, பி.எப். பிடித்தம் இல்லை!

"ஆமா, 58-க்கு மேல கிடையாதாம். கையில 1,320 ரூபாய் கூட வருது. நல்லதுதானே?" என்றாள்.

என் மகன் மதுரையில் படிக்கிறவன், அன்று லீவில் வந்திருந்தான். அவள் போனில் வந்திருந்த செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். மாதாமாதம் வைப்பு நிதியிலிருந்து வந்துகொண்டிருந்த குறுஞ்செய்தி ஜனவரிக்குப் பிறகு நின்று போயிருந்தது. அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. கடன் கொடுக்கிறேன் என்று வருகிற செய்திகளோடு சேர்ந்து அதுவும் கிடந்திருக்கிறது. பிறகு அவளுடைய யு.ஏ.என். எண்ணைப் போட்டு பாஸ்புத்தகத்தைத் திறந்தான். நானும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

அக்காவின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 11,000 ரூபாய். அவளிடம் பிடிக்கிற 12 சதவிகிதம் 1,320. மில் போடுகிறதும் 1,320. ஆனால் மில்லின் பங்கு அப்படியே அவள் கணக்குக்குப் போவதில்லை. அதில் 8.33 சதவிகிதம், அதாவது 916 ரூபாய், பென்ஷன் நிதிக்குப் போகும். மிச்சம் 404 ரூபாய்தான் அவள் பி.எப்.பில் ஏறும். இந்தப் பென்ஷன் திட்டம் 1995 நவம்பரில் வந்தது. குழப்பம் எல்லாம் இதில்தான். பென்ஷன் திட்டத்துக்கு 58 வயது வரம்பு உண்டு. 58 முடிந்ததும் அந்த 916 நின்றுவிட வேண்டும். ஆனால் நின்றுவிட்டு எங்கே போக வேண்டும்? மில்லின் பெட்டிக்குத் திரும்பிப் போகக் கூடாது. தொழிலாளியின் பி.எப். கணக்கிலேயே சேர வேண்டும். பி.எப்.புக்கு வயது வரம்பே கிடையாது. வேலை செய்கிற வரைக்கும் பிடித்தம் உண்டு, முதலாளி பங்கும் உண்டு. ஆக 58-க்குப் பிறகு அக்காவின் கணக்கில் மாதம் 1,724-க்குப் பதிலாக 2,640 ஏற வேண்டும். கூடத்தான் வேண்டுமே தவிர, நிற்கக் கூடாது.

எங்கள் எதிர்வீட்டம்மாவின் தம்பி சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கினவர். அங்கே 55 வயது வரை தொழிலாளி பங்கு 20, முதலாளி பங்கு 17 என்று பிடித்து, 55 தாண்டினால் இரண்டையும் படிப்படியாய்க் குறைக்கிறார்களாம். அது அந்த நாட்டு வழக்கம். நம் நாட்டில் அப்படி ஒரு குறைப்பு இல்லை. ஆனால் நம்மூர் டைம் ஆபீசுகளில் 58 என்றால் எல்லாவற்றுக்கும் 58 என்று ஒரு நினைப்பு. சிலருக்குத் தெரியாமல், சிலருக்குத் தெரிந்தே!

அக்காவிடம் இதைச் சொன்னேன். "உனக்குக் கையில 1,320 கூட வருதுன்னு சந்தோஷப்படற. அது உன் பணம்தான்க்கா, உன் இடது கையிலிருந்து வலது கைக்கு வந்திருக்கு. மில்லு போட வேண்டிய 1,320 இருக்கே, அது மாசாமாசம் போயே போச்சு. ஏழு மாசத்துக்கு 9,240 ரூபாய்." அதோடு, பி.எப். உறுப்பினராய் இருக்கிறவர் வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் உண்டு. 2021-லிருந்து அதன் உச்சவரம்பு 7 லட்சம். அதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை, முதலாளிதான் கட்டுவார். பி.எப். நின்றால் அதுவும் நிற்கும். அத்தான் போனபோது பட்ட பாட்டை நான் நினைவுபடுத்தவில்லை. அவளாகவே தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் பாரத்தைக் கிழிக்கலாம் என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனக்கென்னடி? மாசச் சம்பளம் வாங்குற புருஷன் இருக்காரு. எனக்கு அம்பது நாள்ல கல்யாணம். கணக்குல நாலு லட்சத்துக்கு மேல இருக்குன்னு நம்பித்தான் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். நீ சட்டம் பேசு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சட்டத்தையா கேட்பாங்க? அதுவும் போக, வயசான பொம்பளை கேள்வி கேட்குறான்னு நாளைக்கே வர வேண்டாம்னு சொல்லிட்டா?"

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. கணக்குப் போடுவது சுலபம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்கு. அறுபதை நெருங்குகிற பெண்ணுக்கு இன்னொரு மில்லில் வேலை கொடுப்பார்களா? அவள் பயம் நியாயமான பயம். நான் பேசாமல் காபி போடப் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர்தான் மெள்ள எடுத்துச் சொன்னார். அவருடைய அலுவலகத்தில் இந்த விவகாரம் தெரிந்த ஒருவர் உண்டு. போனில் கேட்டார். அப்போதுதான் அந்தப் பாரத்தின் உள்விஷயம் தெரிந்தது. 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றதாகச் சொல்லி, கணக்கில் இருப்பதை முழுக்க வாங்கிக்கொண்டவர் மறுபடி வேலையில் சேர்ந்தால், வைப்பு நிதித் திட்டத்தில் அவர் "விலக்கப்பட்ட ஊழியர்" ஆகிவிடுவார். அவருக்கு பி.எப். பிடிக்க வேண்டிய கட்டாயம் மில்லுக்கு இல்லை. அக்கா கையெழுத்துப் போட்டிருந்தால், பழைய அக்கா ஓய்வு பெற்றுப் போயிருப்பாள். அதே மிஷினில், அதே ஷிப்டில், நாள்கூலியாக ஒரு புது அக்கா நின்றிருப்பாள்.

கல்யாணத்துக்கு அதே நிதியில் வேறு வழி இருந்தது. அந்த 2023-ல் இருந்த விதிப்படி, ஏழு வருஷம் உறுப்பினராக இருந்தவர் மகன், மகள் கல்யாணத்துக்குத் தன் பங்கில் வட்டியோடு சேர்ந்த தொகையில் பாதி வரை முன்பணம் எடுக்கலாம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, வேலையை விட வேண்டியதுமில்லை. மகன் கணக்குப் பார்த்துச் சொன்னான்: ஒன்றரை லட்சம் வரும். அவள் நினைத்திருந்தது நாலு லட்சம். மிச்சத்துக்கு? என் இரட்டை வடச் சங்கிலியை வங்கியில் வைத்தேன். இதை இங்கே எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால், சட்டம் தெரிந்தால் போதும், எல்லாம் தானாய் நடந்துவிடும் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

வைப்பு நிதிக்காரர்கள் 2023 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாவட்டத்திலும் மாதாமாதம் 27-ம் தேதி "வைப்பு நிதி உங்கள் அருகில்" என்று குறைகேட்பு முகாம் நடத்த ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் ஜூலை 27 அன்று போனோம். ஆடி வியாழக்கிழமை. அக்கா லீவு போட்டாள், ஒரு நாள் சம்பளம் போயிற்று. ஆதார், சம்பளச் சீட்டுகள், பாஸ்புத்தகத்தின் அச்சுப் பிரதி எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனோம்.

அங்கே இருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். சம்பளச் சீட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க இன்னும் வேலைக்குப் போறீங்களா?" என்று அக்காவைத்தான் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் இருந்தேன். "போறேன் சார். நேத்து வரைக்கும் போனேன்" என்றாள். "அப்ப பிடிச்சே ஆகணும்மா" என்றார் அவர். 58 முடிந்தவருக்கு மாத ரிடர்னில் பென்ஷன் பங்கைப் பூஜ்யமாய்க் காட்டி, முழுத் தொகையையும் பி.எப்.பில் காட்ட வேண்டும் என்றும், அந்தந்த மாதச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கைப் பின்னால் நினைத்தபடி பிடித்துக்கொள்ள மில்லுக்கு உரிமை இல்லை என்றும் சொன்னார். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டாத தொகைக்கு மில் வருஷத்துக்கு 12 சதவிகிதம் வட்டி கட்ட வேண்டும், அதற்கு மேல் அபராதமும் உண்டாம். நாங்கள் எழுதிக்கொண்டு போன மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறதாம். சில இடங்களில் 58-க்குப் பிறகும் மறதியாய் அந்த 8.33-ஐப் பென்ஷன் நிதிக்கே கட்டிக்கொண்டிருப்பார்கள். பென்ஷனுக்கு எழுதிப் போடும்போது அது இடிக்கும், திருத்துவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதையும் பாஸ்புத்தகத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயமும் அங்கேதான் வெளியே வந்தது. அக்காவின் கணக்கில் வாரிசாக எங்கள் அம்மா பெயர் இருந்தது. அம்மா தவறி எத்தனையோ வருஷம் ஆயிற்று! அன்று ராத்திரியே மகன் உட்கார்ந்து பிள்ளைகள் மூன்று பேர் பெயரையும் ஏற்றினான்.

மில்லில் ரகளை நடக்கும் என்று பயந்தோம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து டைம் ஆபீஸ் தம்பி அக்காவைக் கூப்பிட்டு, "ஏன்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாராம். மேஸ்திரி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவளை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றினார். அக்கா வாயைத் திறக்காமல் போய் வந்தாள். புரட்டாசியில் ஏழு மாதப் பாக்கி, இரு பங்கும் சேர்த்து 18,480 ரூபாய், அவள் கணக்கில் ஏறியிருந்தது. ஜூலைச் சம்பளத்திலிருந்து பிடித்தமும் ஆரம்பித்துவிட்டது. கையில் வருகிற பணம் 1,320 குறைந்ததும் அவள் என்னிடம் ஒரு நாள் முணுமுணுத்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவளோடு வைண்டிங்கில் அதே வயதில் இன்னும் மூன்று பேர். அக்காவுக்குக் கிடைத்ததைப் பார்த்து இரண்டு பேர் தைரியமாய்ப் போய்க் கேட்டார்கள், பிடித்தம் தொடர்ந்தது. மூன்றாமவள் வடமதுரைக்காரி, அக்காவுக்கு நெருங்கிய சிநேகிதி. அவள் முந்தின தையிலேயே பாரத்தில் கையெழுத்துப் போட்டு, வந்த பணத்தை மகனுக்கு ஆட்டோ வாங்கக் கொடுத்துவிட்டாள். காகிதத்தில் அவள் ஓய்வு பெற்றவள். "எனக்கும் உன் தங்கச்சி மாதிரி ஒருத்தி இருந்திருக்கலாம்" என்று அக்காவிடம் சொல்லி அழுதாளாம். எனக்கு அதைக் கேட்டுப் பெருமையாக இல்லை. அவளுக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். ஓய்வு என்று அவளே போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு மில் பதில் சொன்னது. பிறகு அவள் அலையவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகைப் பூப் பறிக்கப் போய்விட்டாள்.

பென்ஷன் சமாசாரம் வேறு பாக்கி இருந்தது. வேலையை முழுசாய் விட்டால்தான் பென்ஷன் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி இல்லை. பத்து வருஷ சர்வீஸ் இருந்து 58 முடிந்தால், வேலையில் இருந்துகொண்டே பென்ஷன் வாங்கலாம். 60 வரை தள்ளிப்போட்டால், தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவிகிதம் கூடக் கிடைக்கும். அக்கா தள்ளிப்போட மாட்டேன் என்றுவிட்டாள். "இருக்கிறப்ப வாங்கிக்கிறேன் பாப்பா." 10-டி பாரத்தை மில் கையெழுத்தோடு கொடுத்தோம். 21 வருஷ உழைப்புக்கு மாதம் இரண்டாயிரத்து ஐநூற்றுச் சொச்சம் வந்தது, 58 முடிந்த நாளிலிருந்து பாக்கியும் சேர்ந்து வந்தது. இந்தப் பணத்தில் ஒரு குடும்பம் நடக்குமா என்று கேட்டால் நடக்காது. 2014-ல் குறைந்தபட்சப் பென்ஷன் என்று வைத்த 1,000 ரூபாயை வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆனாலும் பாக்கித் தொகை வந்த அன்று அக்கா முதலில் செய்த காரியம், வங்கிக்குப் போய் என் சங்கிலியை மீட்டு வந்ததுதான்.

2025 சித்திரை வரை வேலைக்குப் போனாள். பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அப்போது, நிஜமாகவே வேலையை விட்ட தேதியைப் போட்டு, அதே மாதிரி ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை எங்கே போட வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை.

பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருப்பதாய்ச் சான்று கொடுக்க வேண்டுமில்லையா? அதற்கு முதல் தடவை போனபோது அக்காவின் விரல் ரேகை மிஷினில் விழவே இல்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் நூல் ஓடித் தேய்ந்த விரல். கடைசியில் அந்தப் பையன், "அம்மா, கொஞ்சம் நேராப் பாருங்க" என்று போனைத் தூக்கி முகத்தைப் படம் பிடித்துத்தான் வேலையை முடித்தான். அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள்.